தெற்கு முகாமில் நூற்றிருபது பேர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு மருத்துவர் அறையில் இருந்தவர்கள்: மருத்துவர், கட்டுப் போடும் நர்ஸ், அப்பா, நான், உன் அத்தான். ஆக ஐந்து பேர். இதை முதலில் எழுதக் காரணம், நான் எதைச் சொன்னாலும் "அக்கா ஒண்ணை ஒன்பதாக்குவா" என்பாய். ஐந்து பேர் காதிலும் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவின் இடது காலில், சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் புண். டிசம்பர் ஒன்பதாம் தேதி கொப்புளமாக வந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காலைத் தொங்கப் போட்டு உட்காரவே கூடாதுன்னு சொன்னேனே. தலையணை வெச்சுத் தூக்கிப் படுக்கணும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார்றீங்க?"

"கொஞ்ச நேரம்" என்றார் அப்பா.

"பதினோரு மணி நேரம்" என்றேன் நான். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும்.

"அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

"முற்றுகை நடக்குது டாக்டர். அது முடியட்டும்."

"எங்க?"

"வடக்கு வாசல்ல."

மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். உன் அத்தான் சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்து வெளியே ஓடிவிட்டார். கட்டுப் போடும் நர்ஸ்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு, "கம்ப்யூட்டர்ல சார். எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் உக்காந்திருக்கு" என்றாள். மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம், புண் ஆறாவிட்டால் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா போன பிறகு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும், நீ அந்த ரோமாபுரி விளையாட்டைப் போட்டுக் கொடுத்து அவரைத் திருப்பிக்கொண்டு வந்ததும் நான் மறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பம்ப் ஹவுசில் வால்வு திருப்பியவர். மேட்டிலிருந்து கல் வளைவு கட்டி ஊருக்குள் தண்ணீரை இறக்கும் வித்தையைப் பார்த்ததும் சின்னப் பிள்ளையாகிவிட்டார். வயலும் தண்ணீரும் அவர் பொறுப்பு, படை உன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நகரத்தை நடத்தினீர்கள். அடுப்படியிலிருந்து உங்கள் சிரிப்பைக் கேட்டு நான் கடவுளுக்கு நன்றி சொன்னதுண்டு.

இப்போது நீ போய்ப் பதினான்கு மாதம். அவர் தனியாக நடத்துகிறார். எங்கோ எந்த வீட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் மூன்று வாரமாக மதிலை இடிக்கிறான். அவனுடைய வீரர்களின் தொப்பியில் சிவப்பு மயிர்க் கொண்டை இருப்பதால் அப்பா அவனுக்குக் கொண்டைக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு மணிக்கு ஒரு தடவை மதிலைச் செப்பனிடாவிட்டால் விழுந்துவிடுமாம். சோறும் அங்கேதான். மாத்திரையும் அங்கேதான்.

நகரம் விழாமல் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது எப்படி? அதை மட்டும் எழுது. உங்கள் கம்பெனி அலுவலகத்துக்கும் போனேன், போன் டவர் இல்லாத உன் பாலைவன முகாமுக்கு ரேடியோவில் சொல்லச் சொல்லி. "உயிர் போற விஷயமாம்மா?" என்று கேட்டார் அங்கே இருக்கும் எழுத்தர். "கால் விரல்" என்றேன். "அப்போ தபால்தான்" என்றார்.

தினமும் உனக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா

*

பிப்ரவரி 14

அக்கா,

லாரி வந்து நிற்கிறது. சரக்கை இறக்கி, டிரைவர் சாப்பிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்ப ஒரு மணி நேரம். அதற்குள் எழுதியாக வேண்டும், விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். கையில் டீசல், காகிதம் கறையானால் திட்டாதே. இங்கே பெரிய ஜெனரேட்டர் மூன்று நாளாக இருமுகிறது, அத்தான் மாதிரி.

நிறுத்தி வைக்கிற பொத்தான் கிடையாது. அந்த விளையாட்டின் சங்கதியே அதுதான். நீ தூங்கினாலும் குளித்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நீ கேள்வி எழுதி, அது எனக்கு வந்து, நான் பதில் எழுதி, அது உனக்கு வருவதற்குள் அங்கே மூன்று தடவை அறுவடை முடிந்திருக்கும். நான் சொல்வது எல்லாம் பழைய ஊருக்கான யோசனைதான். இருந்தாலும் கேள்.

தெற்கு முகாமில் என் ஆட்கள் நூற்றிருபது பேர் நிற்கிறார்கள். எத்தனையோ சண்டை பார்த்தவர்கள். அந்த நூற்றிருபது பேருக்கு முன்னால் புதுப்படை ஐந்நூறு பேர் வந்தாலும் நிற்காது. தெற்கு வாசலைத் திறந்து, ஆற்றோரமாகச் சுற்றி, கொண்டைக்காரன் முதுகில் கொண்டு போய் விட்டால் ஒரே மத்தியானத்தில் கதை முடிந்தது. நான் இருந்தால் முதல் நாளே செய்திருப்பேன். இவர் ஏன் செய்யவில்லை? என் ஆள் என்பதால் தொட மாட்டாராக்கும். அவ்வளவு வீம்பு. "அவங்களை வெளியே விடுங்க"ன்னு நீயே சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, செய்ய மாட்டார்.

இதற்கு மேல் காகிதத்தின் பின்பக்கம். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் படையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் ஊரைக் காப்பாற்றப் போன அன்று நம் மேற்குத் தெரு எரிந்தது. உண்மைதான், கேட்காமல் போனது தப்பு. அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எவனுக்கோ ஓடுவே. வீட்டுல ஒருத்தி கிடந்தப்பவும் எவனுக்கோதான் ஓடினே." இரண்டு வருடம் மனசுக்குள் வைத்திருந்து, ஒரு விளையாட்டில் நாலு வீடு எரிந்த சாக்கில் எடுத்துக் கொட்டினார். அம்மா போன அன்று நான் வரத் தாமதமானது எனக்குத் தெரியாதா? அந்தக் கடைசி மாதம் முழுக்க அம்மா பக்கத்தில் உட்காரப் பயந்து, லீவு நாளில்கூடப் பம்ப் ஹவுசுக்கு ஓடியது யார்? அவர் ஓடினார் அக்கா. நீயும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். இதை நான் அவர் முகத்துக்கு நேராக இன்றுவரை சொன்னதில்லை.

அதனால் அவருக்கு நான் எழுத மாட்டேன். முதலில் அவர் எழுதட்டும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியவில்லை.

நேற்று புதன்கிழமை கட்டு மாற்ற உன் அத்தான் அப்பாவை அழைத்துப் போனார். அவர் இல்லாத ஒன்றரை மணி நேரமும் மதிலைப் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். "சிவப்பா மின்னுச்சுன்னா அந்தச் சுத்தியலைத் தொடு, வேற எதையும் தொடாதே" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு மூலையில் தானியக் கிடங்கு என்று போட்டு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதியிருந்தது பார். அது புரிந்தது! மணிக்கு இருநூற்று அறுபது மூட்டை கோதுமை வருகிறது. முந்நூற்று இருபத்தைந்து தின்கிறார்கள். அறுபத்தைந்து துண்டு விழுகிறது. இருப்பு நாலாயிரத்து நூறு. வகுத்துப் பார்த்தேன், இரண்டு நாள் பதினைந்து மணி நேரத்தில் கிடங்கு காலி. அப்பாவுக்கு மதில் தெரிகிறது, அடுப்படி தெரியவில்லை. ஆண்பிள்ளைகள் நடத்தும் ஊர் வேறு எப்படி இருக்கும்?

யார் இவ்வளவு தின்பது என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன். தெற்குப் பக்கம் ஒரு முகாம். அங்கே நூற்றிருபது பேர் வேலைவெட்டி இல்லாமல் வரிசையாக நிற்கிறார்கள். வடக்கில் மதில் இடிகிறது, இவர்கள் அசையவில்லை. மணிக்கு எழுபத்திரண்டு மூட்டை இவர்களுக்கு மட்டும். போன வாரம் நான் பின்னால் நின்று பார்த்தபோதும் அப்படியே நின்றார்கள். "இவங்க யாருப்பா, சும்மா நிக்கிறாங்க?" என்று அன்று கேட்டேன். "நிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

அவர்களைத் தொட்டால் கீழே ஒரு பொத்தான் வருகிறது. "கலை" என்று போட்டிருந்தது. உறுதியா என்று ஒரு தடவை கேட்டது. கடவுளை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். நூற்றிருபது பேரும் தலைக் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து போகிற ஆலைத் தொழிலாளிகள் மாதிரி ஒவ்வொருவராகத் தெற்கு வாசல் வழியே போய்விட்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எங்கேயாவது வீடு வாசல் இருக்கும், போய்ப் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பினேன்.

இப்போது மணிக்கு ஏழு மூட்டை மிச்சம்.

அப்பா வந்து பார்த்தார். கிடங்கு ஏறுவதைப் பார்த்து, "அட, மழை பெய்ஞ்சிருக்கு போல" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் நேற்று அரைமணி நேரம் காலை நீட்டிப் படுத்தார். இன்று முக்கால் மணி. இப்படியே போனால் மாதக் கடைசிக்குள் நாலு மணி நேரம் ஆக்கிவிடுவேன். பிறகு புண் தானே ஆறும்.

கணக்கும் பிரார்த்தனையும் சேர்ந்தால் நடக்காதது இல்லை. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

தம்பி,

நேற்று உன் கடிதம் கிடைத்தது. ஒரு வாரம் முன்னால் கிடைத்திருந்தால். அதையே எத்தனை தடவை எழுதினாலும் தேதி மாறப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வடக்கு வாசல் கதவு பிளந்தது. அப்பா கத்தினார் என்று ஓடிப் போனேன். அவர் முகத்தில் பயம் இல்லை. ஏதோ தீர்மானம் செய்த முகம்.

"வேற வழி இல்லம்மா. இன்னிக்கு ஒரு நாள் அவனோட ஆளுங்களை இரவல் வாங்கிக்கிறேன்" என்றார்.

"யாரோட ஆளுங்கப்பா?"

"உன் தம்பியோட ஆளுங்க. தெற்கு முகாம்ல நிக்கறாங்களே. பதினாலு மாசமா ஒரு தடவைகூட வெளிய எடுக்கலை. அவன் வந்து கேட்டா தலை எண்ணி ஒப்படைக்கணும் இல்ல? ஒண்ணு குறைஞ்சாலும் சண்டைக்கு வருவான். பரவாயில்லை, அப்புறம் சொல்லிக்கலாம்."

சொல்லிக்கொண்டே தெற்குப் பக்கம் திருப்பினார். வெறும் தரை. நாலு கூடாரக் குச்சி.

அவர் முகாமைச் சுற்றிச் சுற்றித் தேடினார். ஆற்றோரம் தேடினார். வயலுக்குள்கூடத் தேடினார், தம்பி. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெயரில்தானே உள்ளே போவீர்கள். யார் கலைத்தது என்று அதில் காட்டாதாம். "டவர் இல்ல, போன் பண்ண முடியலன்னு சொன்னான். இதுக்கு மட்டும் டவர் வந்திருக்கு. சரி, அவன் பொருள், அவன் எடுத்துக்கிட்டான். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றார் அப்பா.

பிறகு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். இரண்டு தலையணையை அவரே எடுத்துப் போட்டு, மருத்துவர் சொன்ன உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டார். பின்னால் ஊர் மணி விடாமல் அடிக்கிறது. "அணைச்சிடும்மா" என்றார். எனக்கு அணைக்கத் தெரியவில்லை. கொண்டைக்காரன் ஆட்கள் உள்ளே வந்து தண்ணீர் வளைவை இடித்தார்கள். நான் சுத்தியலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பதினொன்று பத்துக்கு மணி தானாக நின்றது.

அன்றிலிருந்து அவர் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை. இரண்டு மாதமாக அவர் அதை விட்டு எழ வேண்டும் என்று வேண்டினேன். எழுந்துவிட்டார். கேட்பதைச் சரியாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சோறு இரண்டு வாய். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்கிறார், விழுங்கினாரா என்று நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேற்று உன் கடிதம் வந்ததும், பிழைத்தோம் என்று நினைத்தேன். "பாருங்கப்பா, படையை வெளியே விடுங்கன்னுதான் எழுதியிருக்கான், பதினாலாம் தேதி எழுதினது" என்று முன்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வீம்பு என்று எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். உன் கடிதங்களை எப்போதும் அப்படித்தான் அவருக்கு வாசிப்பேன். கரடுமுரடாக இருப்பதை விட்டுவிட்டு, "அப்பா உடம்பு எப்படி இருக்கு" என்று ஒரு வரி சேர்த்துப் படிப்பேன். இதை உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையை நீட்டினார். "காகிதத்தைக் குடு."

பின்பக்கத்தில் பம்ப் ஹவுஸ் இருக்கிறது, தம்பி. அதை எப்படிக் கொடுப்பேன்? கிழித்துக் கொடுக்கலாம் என்றால் அதே காகிதத்தின் முதுகு. நான் அப்படியே நின்றேன். நீட்டிய கையை அவரே மடக்கிக்கொண்டார்.

"சரிம்மா. நீ படிச்சதே போதும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான்தான் கலைத்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த மூன்று நாளில் நாலு தடவை வாய்வரை வந்தது. ஒருமுறை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அவர் பார்த்ததும், "வெந்நீர் வேணுமா" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் அக்கா

*

மார்ச் 7

அக்கா,

போன வாரம் லாரி வரவில்லை, வழியில் ஆக்சில் உடைந்துவிட்டது. உன் இரண்டு கடிதமும் இன்று சேர்ந்து வந்தன. தேதி பார்த்து முதலில் 19-ஐப் பிரித்தேன். ஷிப்ட் முடிந்து போகிற ஆலைத் தொழிலாளிகள் என்று எழுதியிருந்தாயே, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் சூரப்புலிகள் நூற்றிருபது பேரையும் எங்க அக்கா ஒரு நோட்டும் பேனாவும் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று சமையல்காரரிடம்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு 24-ஐப் பிரித்தேன்.

எனக்கு ஒரு கணக்கு சொல்லேன், நீதான் அதில் கெட்டி. மணிக்கு எழுபத்திரண்டு மூட்டை. பதினான்கு மாதம். மதில் இடிகிறபோதும், கிடங்கு காலியாகிறபோதும். ஊரே போனாலும் என் ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு ஒருத்தனையும் தொடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை நான் வீம்பு என்று எழுதினேன்.

மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். "மாத்து ஆள் வராம ஜெனரேட்டரை யார்கிட்ட விட்டுட்டுப் போவே? எழுபது பேருக்குத் தண்ணி ஏறாது" என்றார். மாற்று மெக்கானிக் ஏப்ரல் கடைசிக்குத்தான். அவர்மேலும் தப்பு இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "விடு. ஆனா லாரியில ஏத்த நான் கையெழுத்து போட மாட்டேன், நடந்து போ" என்றார். நடந்தால் பதினோரு நாள் மணல்.

அவருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இதோ பக்கத்தில் மூன்று காகிதம் கிடக்கிறது. மூன்றிலும் "அப்பா" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் போகவில்லை. "எடுக்கவில்லை" என்று எழுதினால் திருடன் போலீசிடம் சொல்கிற மாதிரி இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால், எதற்கு என்று கேட்பாரே, எத்தனை விஷயத்துக்கு என்று எழுதுவது? பின்பக்கத்தில் நான் எழுதியது பொய்யும் இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு முன்பக்கம் எழுத வரவில்லை.

அதனால் நீயே சொல்லிவிடு அக்கா. உண்மைதானே. உன்மேல் அவருக்குக் கோபமே வராது, கோதுமையை மிச்சம் பிடித்தாய் என்றுதான் சொல்வார். நீ சொன்னால் நம்புவார். இந்த வீட்டில் நீ சொல்லி யார் நம்பாமல் இருந்திருக்கிறோம்?

அந்தப் பழைய கடிதத்தை எரித்துவிடு.

காலைப் பற்றி எழுதவே இல்லையே நீ. அது எப்படி இருக்கிறது?

தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நேரே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, தெற்கு முகாமைக் கலைச்சது நான். தம்பி இல்ல. நீங்க கட்டு மாத்தப் போன புதன்கிழமை. சும்மா நின்னு தின்னுட்டு இருக்காங்கன்னு நினைச்சு நான்தான் பொத்தானை அழுத்தினேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு, அதுவும் எப்படிப்பட்ட சிரிப்பு.

"எட்டு வயசுல அவன் கண்ணாடியை உடைச்சான். நான்தான் உடைச்சேன்னு வந்து நின்னே. அவன் பெயிலான மார்க் ஷீட்டுல என் கையெழுத்தை நீதான் போட்டே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அவன் எழுதற ஒவ்வொரு கடிதத்துலயும் அப்பா உடம்பு எப்படி இருக்குன்னு அதே இடத்துல அதே வரி வருது. அவன் அப்படியெல்லாம் எழுதறவனாம்மா? எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"இது நிஜம்பா."

"எல்லாம் நிஜம்தான். போ, அடுப்புல ஏதோ இருக்கு."

நான் விடவில்லை. நோட்டை எடுத்து வந்து பிப்ரவரி பதினெட்டாம் தேதிப் பக்கத்தைக் காட்டினேன். வரவு, செலவு, வகுத்தது, எழுபத்திரண்டு மூட்டை, எல்லாம் அன்றைக்கே எழுதியது. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். கூட்டலைக்கூடச் சரிபார்த்தார்.

"கணக்கு சுத்தமா இருக்கு. நேத்து எழுதியிருந்தாலும் நீ இவ்வளவு சுத்தமாத்தான் எழுதியிருப்பே" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

உன் அத்தானைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் அன்று அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர், என்ன சாட்சி சொல்வார்? "அவ பொய் சொல்ல மாட்டா மாமா" என்றார். "அதைத்தான் நானும் முப்பத்தாறு வருஷமா நம்பற மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா. இத்தனை வருடம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒட்டுப் போட்டேனே, ஒரே ஒரு நாள் நிஜத்தைச் சொல்லப் போனால் அது செல்லாத நாணயமாகத் திரும்பி வருகிறது. இதற்கு யாரைக் குற்றம் சொல்ல?

காலைப் பற்றிக் கேட்டாய். இரண்டு விரல் என்ற பேச்சு போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை மருத்துவர் பார்த்தார். மூன்று விரல் கறுத்துவிட்டது. பாதத்தின் பாதியை எடுக்க வேண்டும், எடுத்தால் மீதிக் கால் நிற்கும், ஊன்றி நடக்கலாம். ஊசி மருந்தில் ஏப்ரல் ஏழாம் தேதிவரை பிடித்து வைக்கலாம், அதற்கு மேல் முட்டிவரை போகும், அதற்கும் மேலே என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அறிவு தெளிவாக இருக்கிறவர், அவர் மறுத்தால் எங்களுடைய கையெழுத்து செல்லாது.

அவர் மறுத்துவிட்டார். கோபமாக இல்லை. பேனாவை மூடி மருத்துவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். "போறது எல்லாம் சொல்லாமத்தான் போகுது டாக்டர். இதுவும் அப்படியே போகட்டும்" என்றார். கட்டுப் போடும் நர்ஸ் வெளியே வந்து அழுதாள்.

மறுபடி கம்பெனி அலுவலகத்துக்கும் போனேன். உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ரேடியோவில் சொல்கிறேன் என்றார் அந்த எழுத்தர். மருத்துவரிடம் கேட்டேன், எழுதிக் கொடுத்தார். திரும்பி அலுவலகத்துக்கு ஓடினேன். ரேடியோவில் நீ சொல்வதை அவர்கள் கேட்டு, டைப் அடித்து ஒரு சீட்டாகத்தான் தருவார்களாம். அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "டைப் அடிச்ச சீட்டை உனக்கு வேண்டியவங்க யார் வேணும்னாலும் அடிச்சுக் குடுப்பாங்க" என்றார். அதனால் ரேடியோவில் ஒன்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்: இருபத்தெட்டாம் தேதி லாரியில் அக்கா கடிதம் வருகிறது, வாங்கியதும் பிரி. சொன்னார்களா என்று தெரியாது.

இன்று பதினேழு. இது உனக்கு இருபத்தெட்டு, சனிக்கிழமை கிடைக்கும். லாரி நிற்கிற ஒரு மணி நேரத்திலேயே நீ எழுதிக் கொடுத்தால் ஏப்ரல் ஆறாம் தேதி இங்கே வரும். ஏழாம் தேதி காலை கடைசி. நடுவில் ஒரு நாள்கூட இல்லை. ஆக்சில் உடையாமல் இருக்க நான் வேண்டிக்கொள்கிறேன், மீதி உன் கையில்.

எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. உள்ளே ஒரு வெறும் உறை வைத்திருக்கிறேன். மேலே முகவரி நான் எழுதவில்லை, என் கையெழுத்தைக் கண்டால் பிரிக்க மாட்டார். அவர் பெயரை நீயே எழுது. நல்ல கடிதமாக இருக்க வேண்டும் என்று யோசிக்காதே. டீசல் கறை இருந்தாலும் சரி, அது உன் கை என்று தெரியும். பம்ப் ஹவுசைப் பற்றிக் கோபம் இருந்தால் அதையும் எழுது. நான் இனி எதையும் விட்டுவிட்டுப் படிக்கப் போவதில்லை, படிக்கவே போவதில்லை, உறையோடு அவர் கையில் கொடுத்துவிடுவேன். திட்டியாவது எழுது. நூற்றிருபது பேரை நீ எடுக்கவில்லை என்றும், காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியும் அதில் இருந்தால் போதும்.

அந்த மூன்று காகிதத்தில் "அப்பா" என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதில் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதிலேயே தொடர்ந்து எழுது. நேரம் மிச்சம்.

லாரி கிளம்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிடு, தம்பி. உடனே பதில் போடு.

உன் அக்கா